மேஸ்திரியின் மஞ்சள் சீட்டு

மேஸ்திரி சீட்டை இரண்டாகக் கிழித்தார். இரண்டை நான்காக்கினார். நான்கு துண்டுகளையும் எதிரே நின்றவனின் சட்டைப் பையில் திணித்தார்.

"நான் எப்படா சிரிச்சேன்?"

"மேஸ்திரி, அது சும்மா ஒரு இதுக்கு..."

"'எப்போதும் சிரித்த முகத்துடன் பழகுபவர்'னு எழுதியிருக்கே. முப்பத்தொரு வருஷத்துல எந்தத் தேதியில என் பல்லைப் பார்த்தே? தேதியைச் சொல்லு, கையெழுத்துப் போடறேன்."

எதிரே நின்றவன் இரண்டாம் நம்பர் சலவை இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன். சோப்புத்தூளை அளவில்லாமல் கொட்டுவதால் எல்லாருக்கும் அவன் 'நுரை'. பின்னால் துணி மூட்டை தள்ளிக்கொண்டு வந்தவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மேஸ்திரி அவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பியதும் வண்டிகள் தாமாகவே நகர்ந்தன.

அது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடம். மருத்துவமனையின் முகப்பில் கண்ணாடியும் பூச்செடியும் இருந்தன. பின்புறச் சரிவில், நீராவிக் குழாய்கள் நுழையும் தகரக் கூரைக்கு அடியில் இவர்கள் இருந்தார்கள். ஒரு நாளைக்கு நாலாயிரம் உருப்படி: படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளி அங்கி, அறுவை அறைப் பச்சைத் துணி. எல்லாம் முதலில் வந்து விழுவது மேஸ்திரியின் நீண்ட தகர மேசையில்தான். ரத்தமும் சீழும் மருந்தும் கலந்த அந்தக் குவியலைக் கையுறை போட்ட கைகளால் உதறி உதறிப் பிரிக்க வேண்டும். மடிப்புக்குள் ஊசி இருக்கும். கத்தரி இருக்கும். ஒருமுறை யாரோ ஒருவருடைய பல்செட் இருந்தது. மேஸ்திரியின் கை ஒரு துணியைத் தொட்டாலே அதற்குள் இரும்பு இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரிந்துவிடும். அவர் மேசையைத் தாண்டிப் போன ஊசி, இதுவரை, ஒன்றும் இல்லை. இதற்காக அவரை யாரும் பாராட்டியதில்லை. பாராட்ட வேண்டும் என்று அவரும் நினைத்ததில்லை. வேலையைச் செய்தவனுக்குக் கூலி, செய்யாதவனுக்கு வசவு. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டென்று மூன்று மாதங்களுக்கு முன்புவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று மாதங்களுக்கு முன்பு தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். ஊழியர்களுக்கு வேலையில் ஈடுபாடு குறைந்துவிட்டதாம். அதை ஏற்றுவது அவள் உத்தியோகம். வந்த முதல் நாள் எல்லாரையும் துணி மடிக்கும் கூடத்தில் நிற்கவைத்து, "முதல்ல நமக்கு நாமே ஒரு தடவை பலமா கைதட்டிக்கலாமா?" என்றாள். எல்லாரும் தட்டினார்கள். மேஸ்திரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அன்று மாலைக்குள் அவளுக்குக் 'கைத்தட்டல்' என்று பெயர் விழுந்துவிட்டது.

திட்டம் இதுதான். மாதத்துக்கு ஆளுக்கு இரண்டு மஞ்சள் சீட்டு. கூட வேலை செய்பவர் ஒருவரிடம் கண்ட நல்ல காரியத்தை அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் கையெழுத்து மேலே, வாங்குபவர் கையெழுத்து கீழே. உறவுக்காரர்கள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ளக் கூடாது. பெட்டியில் விழும் சீட்டுகளை எண்ணி, பலகையில் அவரவர் பெயருக்கு நேரே மஞ்சள் வட்டம் ஒட்டுவார்கள். மூன்றாம் மாதக் கடைசியில் சலவைப் பிரிவு, இஸ்திரிப் பிரிவு இரண்டில் எது அதிக வட்டம் வாங்கியிருக்கிறதோ அந்தப் பிரிவின் மூத்த ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு வேலை நிரந்தரம். ஒரு நிபந்தனை. பிரிவில் ஒரே ஒருவர் வெறுங்கையாக இருந்தாலும் அந்தப் பிரிவு போட்டியிலேயே இல்லை. யாரையும் விட்டுவிட்டு முன்னேறக் கூடாது என்பது அதற்குக் காரணமாம்.

மனிதர்கள் எதைக் கொடுத்தாலும் அதைச் சந்தையாக்கிவிடுவார்கள். ஒரே வாரத்தில் தேநீர் இடைவேளை முழுக்கச் சீட்டு வியாபாரம் நடந்தது. "நீ எனக்கு ஒண்ணு போடு, நான் உனக்கு ஒண்ணு." எழுதத்தான் காரணம் கிடைக்கவில்லை. 'கதவைத் திறந்துவிட்டார்.' 'நான் இருமியபோது என்ன என்று கேட்டார்.' முன்பெல்லாம் மூட்டை கனத்தால் பக்கத்தில் இருப்பவன் பேசாமல் ஒரு கை கொடுப்பான். இப்போது, "தூக்கிவிடறேன், சீட்டுப் போடுவியா?" என்று கேட்டுவிட்டுத்தான் குனிந்தான். மேஸ்திரி தன் பங்குச் சீட்டுகளை யாருக்கும் எழுதவில்லை. அவருக்கு எழுதி வந்தவற்றைக் கிழித்தார். நுரை எழுதியது மூன்றாவது. பலகையில் எல்லாப் பெயருக்கும் எதிரே மஞ்சள் வட்டங்கள் வரிசைகட்டி நின்றன. கடைசி வரியில் அவர் பெயருக்கு எதிரே பலகையின் வெள்ளைதான்.

அந்த வெள்ளையைச் சலவைப் பிரிவில் எல்லாரும் வெறுத்தார்கள். அவர்களைவிட அதிகமாக வெறுக்க உரிமையுள்ளவள் ஒருத்தி இருந்தாள். சலவைப் பிரிவின் மூத்த ஒப்பந்த ஊழியர், கிழிசல் தைக்கும் அறையில் இரண்டாவது மிஷினில் உட்காருபவள், அவருடைய மருமகள்.

அவள் அங்கே வேலைக்கு வந்தது அவர் சிபாரிசில் இல்லை. சிபாரிசு செய்யும் குடும்பம் இல்லை அது. அவளாகவே விண்ணப்பம் போட்டு, அவளாகவே வந்தாள். முதல் நாள் காலையில் வீட்டு வாசலிலேயே அவர் சொல்லிவிட்டார்: "அங்க நான் உனக்கு மாமா இல்லை. மேஸ்திரி." இரண்டு முறை அவள் தைத்த விரிப்புகளை, தையல் கோணல் என்று எல்லார் முன்னாலும் பிரித்துத் தைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறை கோணல் அவ்வளவாக இல்லை. ஆனால் சொந்தக்காரி என்று விட்டுவிட்டார் என ஒரு வாய் சொல்லிவிடக் கூடாதே. ஐந்து வருடமாக அவள் ஒப்பந்தத்தில் இருந்தாள். பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பு, மறுபடி புதிதாகச் சேர்ந்தவள் போல முதல் நாள். ஐந்து முதல் நாட்கள்.

முடிவு அறிவிக்க ஒரு வாரம் இருந்தது. சாயங்காலம் அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது மருமகள் சமையலறைக் கதவை ஒட்டி நின்றாள். உட்காரவில்லை. மகன் லாரியோடு வெளியூர் போயிருந்தான். அவன் இருந்தாலும் இந்தப் பேச்சில் வாய் திறந்திருக்க மாட்டான்.

"மாமா, இஸ்திரிப் பக்கத்தைவிட நமக்கு ஒன்பது வட்டம் கூட இருக்கு."

"இருக்கட்டும்."

"உங்க பேருக்கு ஒண்ணு விழுந்துட்டா போதும்."

"விழாது."

"பொய்யா எழுதினா கிழிக்கறீங்க, சரி. உண்மையா ஒண்ணு எழுதச் சொல்றேன். உங்களால தப்பிச்ச கை எத்தனை இருக்கு அங்க?"

"கேட்டு வாங்கினா அது உண்மையா? போய் ஒருத்தன்கிட்ட, என் மாமனாரைப் புகழ்ந்து நாலு வரி எழுதுப்பான்னு நிப்பியா நீ? நம்ம வீட்டுல யாரும் யார்கிட்டயும் கை நீட்டினதில்லை."

"நான் கை நீட்டலை மாமா. அந்தக் கையால தைச்சிருக்கேன். அஞ்சு வருஷம்."

"தைச்சதுக்கு வேலை தரட்டும். தைக்கத் தெரியுமான்னு பார்த்துட்டுத் தரட்டும். என் மூஞ்சியில எத்தனை வட்டம் ஒட்டியிருக்குன்னு பார்த்து உனக்கு வேலை தர்றவன் என்ன முதலாளி? அந்த வேலை உனக்கு எதுக்கு?"

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி, குழாயை மூடாமலே குரல் கொடுத்தாள். "ஏங்க, ஒரு கையெழுத்துப் போட்டா கை என்ன ஒடிஞ்சா போயிடும்?"

"நீ உன் வேலையைப் பாரு."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். நாற்பது வருஷமா. எனக்கு ஒரு சீட்டு இருந்தா போடுங்களேன், பார்ப்போம்."

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். தெருமுனைவரை நடந்தார். நடக்க நடக்க ஆத்திரம் தணியவில்லை, தெளிவானது. மனைவியின் கேலி பழகியது. மருமகள் குரலை உயர்த்தாமல் பேசியதுதான் உறுத்தியது. கெஞ்சியிருந்தால் அதட்டியிருக்கலாம். எதிர்த்துக் கத்தியிருந்தால் அடக்கியிருக்கலாம். அவள் ஏதோ கணக்கை முடித்துவிட்டவள் போல, "சரி மாமா" என்று சொல்லி உள்ளே போயிருந்தாள்.

அறிவிப்பு நாளன்று, காலை முறை முடிந்து மதிய முறை தொடங்கும் நேரத்தில், மடிக்கும் கூடத்தில் மேசைகளைச் சுவரோரம் தள்ளி எல்லாரையும் கூட்டினார்கள். பெரிய இஸ்திரி உருளைகளை அணைத்திருந்தும் கூடம் வெந்துகொண்டிருந்தது. மேஸ்திரி பின்வரிசையில் தூணருகே நின்றார். இஸ்திரிப் பிரிவு முன்னால் நின்றது. அவர்களுக்குத் தலைவன் அந்த உருளைகளை ஓட்டுபவன். அவனை 'உருளை' என்றே கூப்பிடுவார்கள், ஆளும் அப்படித்தான் இருப்பான். அவனுடைய மச்சான்தான் அந்தப் பிரிவின் மூத்த ஒப்பந்த ஊழியன். இருவரும் புதுச்சட்டை போட்டு வந்திருந்தார்கள். சலவைப் பக்கத்தில் ஒருவர் வெறுங்கை என்று கூடத்துக்கே தெரியும்.

"என்ன மேஸ்திரி, பின்னாடி நிக்கறீங்க? முன்னாடி வாங்க," என்றான் உருளை, எல்லாருக்கும் கேட்க. "எங்க மச்சானுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நீங்கதானே! சொந்த மருமகளைவிட எங்க மேல பாசம்."

சிரிப்பு எழுந்தது. மேஸ்திரி அசையவில்லை. முதுகு தூணைத் தொடாமல்தான் நின்றது.

கைத்தட்டல் வந்தாள். வழக்கம்போல் எல்லாரையும் தட்டவைத்தாள். பிறகு, கையில் ஒரு மஞ்சள் சீட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு பிரிவுலயும் இன்னிக்கு யாரும் வெறுங்கையா இல்லை. எனக்கு ரொம்பச் சந்தோஷம். நேத்து சாயங்காலம் பெட்டியில விழுந்த கடைசிச் சீட்டு இது. உங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டணும்னு தோணுச்சு."

அவள் படித்தாள்.

'போன வருஷம் மழைக்காலத்தில் அறுவை அறை மூட்டை ஒன்றில் நான் அவசரத்தில் கையை விட்டு அள்ளப் போனேன். மேஸ்திரி என் கையைத் தட்டிவிட்டார். தட்டின வேகத்தில் விரல் வீங்கிவிட்டது. கண்ணு அவிஞ்சுபோச்சா என்று திட்டினார். பிறகு அந்த மூட்டையிலிருந்து நாலு ஊசி எடுத்தார். அன்றைக்கு நான் நன்றி சொல்லவில்லை, விரல் வலித்ததால். அந்த ஊசி எந்த நோயாளியைக் குத்தியதோ என்று இன்றைக்கும் எனக்குப் பயம் வரும்.'

கீழே நுரையின் பெயர்.

நுரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேஸ்திரிக்கு நெஞ்சுக்குள் ஏதோ இடம் மாறியது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. நாலு ஊசியும் நினைவிருந்தன. நாலாவது வளைந்திருந்தது. ஒரு எழுத்துப் பொய்யில்லை. இப்படி ஒன்றை அவன் தானாக நேரில் நீட்டியிருந்தால்? கிழித்திருப்பாரா? யோசிக்க நேரமில்லை. ஏனென்றால் இந்தச் சீட்டை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

"இது செல்லாது மேடம்," என்றான் உருளை.

"ஏன்?"

"வாங்கினவர் கையெழுத்துன்னு கீழ இருக்கே, அது மேஸ்திரி கையெழுத்தா? முப்பது வருஷமா அவர் போடற சரக்குச் சீட்டை வாங்கித்தான் நான் துணி இறக்கறேன். போன வாரம் வரைக்கும் மூணு பேர் சீட்டைக் கிழிச்சவரு, நேத்து சாயங்காலம் உக்காந்து கையெழுத்துப் போட்டாராமா? யாரோ போட்டிருக்காங்க." சொல்லிவிட்டுத் தையல் அறைப் பெண்கள் நின்ற பக்கம் திரும்பினான். "யாருன்னு நான் சொல்லணுமா? வேலை யாருக்குக் கிடைக்கப்போகுதோ அவங்கதான். மாமனார் பெயரையே திருடற குடும்பம்."

கைத்தட்டலின் முகத்திலிருந்து சந்தோஷம் வடிந்தது. "பொய்க் கையெழுத்துன்னா அது சாதாரண விஷயமில்லை. போட்டவங்க வேலையில இருக்க முடியாது," என்றாள் மெதுவாக. பிறகு தூண் பக்கம் பார்த்தாள். "ஐயா, நீங்களே வந்து சொல்லிடுங்க."

மேஸ்திரி நடந்தார். வழிவிட்டார்கள். தையல் அறைப் பெண்களைத் தாண்டும்போது அவர் மருமகளைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. முகம் வெளுத்து, உதடு காய்ந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கும் பார்வையாக இருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். செய்வதைச் செய்துவிட்டேன், இனி உங்கள் பாடு என்று இருந்தது அது. அந்த நிமிடத்தில் அவளை அவர் வெறுத்ததுபோல் உருளையைக்கூட வெறுத்ததில்லை.

சீட்டை வாங்கிப் பார்த்தார். அவருடைய கையெழுத்து ஒரே இழுப்பு. சரிந்து ஓடும், அடியில் ஒரு வெட்டு. இதிலும் சரிவு இருந்தது, வெட்டு இருந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் நின்று நிதானித்து உருட்டப்பட்டிருந்தது. கிழிசல் தைத்த மூட்டைகளில் அவள் கட்டி அனுப்பும் அட்டைகளில் எண்கள் இப்படித்தான் உருண்டிருக்கும். ஐந்து வருடமாகத் தினமும் அந்த அட்டைகளை அவிழ்த்துக் குப்பையில் போட்டவர் அவர்தான். இதைக் கண்டுபிடிக்க உருளை தேவையில்லை.

இல்லை என்று ஒரு சொல் போதும். முப்பத்தொரு வருடம் அவர் காத்த பெயர் அப்படியே நிற்கும். யாருக்காகவும் வளையாதவர், சொந்த மருமகளையும் விடாதவர். அவள் இந்தச் சரிவில் ஏறி, இத்தனை பேர் பார்க்க, முன்வாசல் வழியாகக்கூட இல்லை, குழாய்கள் நுழையும் இந்தப் பின்வாசல் வழியாகத் திருடி என்ற பெயரோடு போவாள். அந்தப் பெயருக்கு முன்னால் அவர் பெயர் ஒட்டியிருக்கும்.

"என் கையெழுத்துதான்," என்றார்.

குரல் கணீரென்று வந்தது. வாழ்க்கையில் அவர் சபையில் சொன்ன முதல் பொய், உண்மையைவிட உரக்கவே வந்தது.

"அப்படியா?" உருளை முன்னால் வந்தான். "அப்ப இன்னொரு தடவை போடச் சொல்லுங்க மேடம். இங்கயே, எங்க கண்ணு முன்னாடி. ஒத்துப் போச்சுன்னா நான் வாயை மூடிக்கறேன்."

"டேய், மேஸ்திரி சொல்றாரில்ல!" என்று நுரை கத்தினான்.

"நீ சும்மா இருடா," என்றார் மேஸ்திரி. "போட்டா போச்சு. பேனா கொடுங்க."

கைத்தட்டல் வெற்றுச் சீட்டு ஒன்றையும் பேனாவையும் நீட்டினாள். அவர் மடிக்கும் மேசைமேல் சீட்டை வைத்து, பக்கத்தில் நுரையின் சீட்டையும் வைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். அவசரப்படவில்லை. கை தானாக இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. அதை அதட்டி நிறுத்தினார். முதல் எழுத்தில் மருமகள் ஒரு சின்னச் சுழி வைத்திருந்தாள். அவரும் வைத்தார். இரண்டாவதைக் கீழே இறக்கி, தயங்கி, மேலே கொண்டுபோயிருந்தாள். பயந்திருக்கிறாள் அந்த இடத்தில். அவரும் அங்கே தயங்கினார். தன் பெயரை இத்தனை மெதுவாக அவர் எழுதியதேயில்லை. அடியில் வெட்டுப் போடும்போது மட்டும் பேனா கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது.

பேனாவை மூடி வைத்துவிட்டு, இரண்டு சீட்டுகளையும் உருளையிடம் நீட்டினார். "பாரு. நல்லாப் பாரு."

உருளை அவற்றை வாங்கிக்கொண்டு பெரிய ஜன்னலருகே போனான். அவன் மச்சானும் பின்னால் போனான். நீராவி படிந்திருந்த கண்ணாடியை முழங்கையால் துடைத்தான். ஒரு சீட்டின்மேல் இன்னொன்றை வைத்து, ஓரம் பிடித்து, மதிய வெயிலுக்கு நேரே உயர்த்தினான். மஞ்சளுக்குள் மஞ்சள் தெரிந்தது. இரண்டு பெயர்களும் ஒன்றை ஒன்று தேடிக்கொண்டு கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, அவன் விரல்களுக்கு இடையில் நகர்ந்துகொண்டிருந்தன.